கொங்கிரீட்டில் அங்கர் போல்ட் பொருத்துவது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கான வழிகாட்டி

சார்ப்பு (சுவரோடு சேர்த்து இறக்கும் சிறு தகரக் கூரை), கேட், ஏசியின் வெளி யூனிட், ஜன்னல் கிரில், உடுப்புக் காயப்போடும் கம்பி. இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுவரில் இறுக்கமாகப் பிடிக்கவைக்க வேண்டிய வேலை எல்லா வீட்டிலும் வரும். ஆள் பிடித்துச் செய்தாலும் நீங்களே செய்தாலும், எந்த போல்ட், எவ்வளவு ஆழம், எந்தச் சுவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சார்ப்பைப் பொருத்த வந்தவர் கையோடு கொண்டுவந்த போல்ட்டை அடித்து, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாடைக் காற்று தொடங்கியதும் பிராக்கெட்டுகள் சுவரைவிட்டு எழும்பின. திரும்ப அதைச் சரிசெய்ய அலைந்தபோது ஒரு கடையில் ஒன்று சொன்னார்கள், அடுத்த கடையில் வேறொன்று சொன்னார்கள். கேட்டும் படித்தும் செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். போல்ட் நல்லதாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிடிமானம் சுவரிலும் துளையிலும் இருக்கிறது. அதற்கு மேல், நம்முடைய ஊரில் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1. முதலில் சுவர் என்ன சுவர் என்று பாருங்கள்

வெளியே பார்த்தால் எல்லாச் சுவரும் ஒன்றுதான். பூச்சுக்குள்ளே கொங்கிரீட் தூணோ பீமோ இருக்கலாம், செங்கல் இருக்கலாம், சீமெந்துக் கல் இருக்கலாம். சீமெந்துக் கல்லிலும் உள்ளே ஓட்டையுள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு. விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட் கொங்கிரீட்டுக்காகச் செய்யப்பட்டது. ஓட்டைக் கல்லில் அதை அடித்தால் விரிவதற்கு அங்கே எதுவும் இல்லை. கல்லின் மெல்லிய பக்கச் சுவரை உடைத்துவிட்டு போல்ட் உள்ளே சும்மா சுற்றும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிராக்கெட் மறைக்கப்போகும் இடத்தில் 6 மில்லிமீற்றர் டிரில் பிட்டால் ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். முதல் 15, 20 மில்லிமீற்றர் பூச்சு. பிட் சுகமாக இறங்கும். அதற்குப் பிறகு வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் செங்கல். சாம்பல் நிறத்தில் மாவு போல வந்து, பிட்டும் மெதுவாக இறங்கினால் கொங்கிரீட். சாம்பல் தூளாக வந்துகொண்டிருந்த பிட் திடீரென்று ஒரு குதி குதித்து உள்ளே போனால் அது ஓட்டைக் கல்.

கொங்கிரீட்தான் என்று தெரிந்தாலும் ஒரு சுத்தியலால் சுற்றிவரத் தட்டிப் பாருங்கள். கடற்கரைப் பக்கப் பழைய வீடுகளில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிரீட்டைப் பிளந்து வைத்திருக்கும். நீளவாக்கில் வெடிப்பு, துருக் கறை, தட்டினால் பொக்கென்ற சத்தம், இவற்றில் எது இருந்தாலும் அங்கே போல்ட் அடிக்க வேண்டாம். முதலில் அந்தத் தூணைத் திருத்த வேண்டும். புதிதாக வார்த்த பீம் என்றால் 28 நாள் போகட்டும்.

2. எவ்வளவு பாரம் என்று கணக்குப் போடுங்கள்

பொருளின் எடையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். சார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். தகரமும் சட்டமும் சேர்த்து ஒருவர் தூக்கக்கூடிய எடைதான். ஆனால் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். மூன்று சதுர மீற்றருக்கு 140 கிலோவுக்கு மேல். அதுவும் கீழிருந்து மேலே தூக்கும். புரேவி புயல் 2020 டிசம்பரில் திரியாய், குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. நம்முடைய மாவட்டத்தில் இந்தக் கணக்கை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவைக்க முடியாது.

ஏசி யூனிட்டுக்கு எடையோடு அதிர்வும் உண்டு. கேட்டுக்குத் தினமும் திறந்து மூடும் இழுவை. எல்லாவற்றிலும் மேல் போல்ட்தான் அதிகம் இழுபடும். ஆகவே நல்ல கொங்கிரீட் எங்கே இருக்கிறதோ அங்கே மேல் போல்ட் விழும்படி இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

தலைக்கு மேலே தொங்குவது, ஊஞ்சல், மாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி இவற்றுக்கு இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். 1000 லீற்றர் தொட்டி நிறைந்தால் ஒரு தொன். அதைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசு வீண் காசு இல்லை.

3. எந்த வகை போல்ட்

கடையில் "அங்கர் போல்ட்" என்று கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். வீட்டு வேலைக்குத் தெரிய வேண்டியவை இவ்வளவுதான்:

பிளாஸ்ரிக் ரோல் பிளக்: படம், சிறு தட்டு, வயர் கேசிங். வெளியில் காற்றுப் படும் எதற்கும் வேண்டாம்.

ஸ்லீவ் அங்கர்: போல்ட்டைச் சுற்றி ஒரு தகடு உறை இருக்கும். நட்டை இறுக்கும்போது உறை விரியும். கொங்கிரீட்டிலும் நல்ல செங்கல்லிலும் பிடிக்கும். கிரில், கிளாம்ப், சிறு பிராக்கெட்டுக்குப் போதும்.

வெட்ஜ் அங்கர்: அடியில் மட்டும் ஒரு சிறு கிளிப். கொங்கிரீட்டுக்கு மட்டும்தான். கேட், சார்ப்பு, ஏசி பிராக்கெட் தூணிலோ பீமிலோ விழுகிறதென்றால் இதுதான் என் தெரிவு. ஒருமுறை இறுக்கினால் திரும்ப எடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோல் போல்ட்: கனமான இரும்பு உறையோடு வருவது. நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெரிய துளை வேண்டும்.

டிராப் இன்: துளைக்குள்ளேயே முழுதாக இறங்கிவிடும். இதை விரிக்க ஒரு தனி இரும்புக் குச்சி வேண்டும். அங்கரை விற்றுவிட்டுக் குச்சி இல்லை என்பார்கள். குச்சி இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கெமிக்கல் அங்கர்: குழாயில் வரும் பசை. விரிவதில்லை, ஒட்டிப் பிடிக்கும். தூணின் ஓரத்துக்கு அருகிலும், வலைக்குழாயோடு சேர்த்தால் ஓட்டைக் கல்லிலும் இதுதான் கைகொடுக்கும்.

துளை அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெட்ஜ் அங்கருக்கு போல்ட்டின் அளவே துளையின் அளவு: எம்10 என்றால் 10 மில்லிமீற்றர் பிட். ஸ்லீவ் அங்கருக்கு உறையின் வெளி அளவு: எம்8 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர். ரோல் போல்ட்டுக்கு எம்8 என்றால் 14, எம்10 என்றால் 16 மில்லிமீற்றர். பெட்டியில் இரண்டு அளவும் இருக்கும். பெட்டியைப் பார்க்காமல் உதிரியாக வாங்கினால் பிட்டையும் போல்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. எம்10 வெட்ஜ் அங்கர் கொங்கிரீட்டுக்குள் 60 மில்லிமீற்றர் போக வேண்டும் என்று வையுங்கள். பூச்சு 20, பிராக்கெட் தகடு 6, வொஷரும் நட்டும் 12. கூட்டினால் 98. ஆக 100 மில்லிமீற்றர் போல்ட். பூச்சைக் கணக்கில் சேர்க்காமல் 75 வாங்கி வந்தால் கொங்கிரீட்டுக்குள் 37 மில்லிமீற்றர்தான் போகும். பூச்சு எதையும் தாங்காது. பாரமான வேலைக்கு பிராக்கெட் அளவுக்குப் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு, தகடு நேராகக் கொங்கிரீட்டில் உட்காரும்படி செய்வது இன்னும் நல்லது.

4. உலோகத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்

கொழும்பிலோ கண்டியிலோ எழுதப்பட்ட ஆலோசனை இங்கே அப்படியே சரிவராது. உப்புவெளி, நிலாவெளி, டச் பே பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கொண்டி தொடக்கம் சைக்கிள் செயின் வரை எல்லாம் அரிக்கிறது. போல்ட்டில் துரு தொடங்குவது நட்டுக்கு அடியில், சுவருக்குள் நுழையும் இடத்தில். அங்கே நமக்குத் தெரியாது. தெரியும்போது தலை கையோடு வந்துவிடும்.

கடையில் பளபளவென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருப்பது மின்முலாமாக நாகம் (சிங்க்) பூசியது. அந்தப் பூச்சு சில மைக்ரோன் தடிப்புத்தான் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வீட்டுக்குள்ளே பாவிக்கலாம், வெளியே வேண்டாம். உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுத்தது சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு 40 மைக்ரோனுக்கு மேல். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கன்னியா, தம்பலகாமம் பக்கங்களுக்கு அது போதும் என்பது என் கருத்து. கடற்கரையை ஒட்டி இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதிலும் 304 என்பது ஏ2, 316 என்பது ஏ4. கடல் காற்றுக்கு 316. போல்ட்டின் தலையிலோ முனையிலோ ஏ4 என்று பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாததை 316 என்று விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரு சிறு காந்தத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் அது இந்த இரண்டு வகையும் இல்லை. ஆனால் காந்தத்தை வைத்து 304, 316 என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கடைக்காரரிடம் கேட்கும்போது வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "நானா, கடற்கரை வீடு, வெளிச்சுவர், கொங்கிரீட் தூண், கேட் கீல் பொருத்த வேண்டும், எம்10 ஏ4 இருக்கிறதா?" என்று கேட்டால் அவரும் உள்ளே போய்த் தேடி எடுத்துத் தருவார். "நல்ல போல்ட் ஒன்று தாங்க" என்றால் முன்னால் இருக்கும் பெட்டிதான் வரும்.

5. செலவு, பில், கடிதம்

ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் விலை சாதாரணதைவிடப் பல மடங்கு. கேட்டதும் கையைக் கடிக்கும். ஆனால் ஒரு சார்ப்புக்கு எட்டோ பத்தோ போல்ட்தான். சார்ப்பின் தகரம், சட்டம், ஆள்கூலி இவற்றோடு வைத்துப் பார்த்தால் அது சிறு தொகை. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் டிரில் மெசின். ஒரே ஒரு வேலைக்காக வாங்க வேண்டாம், நாள் வாடகைக்கு எடுங்கள். வாடகைக்கு அடையாள அட்டையும் முற்பணமும் கேட்பார்கள். அட்டையின் பிரதியைக் கொடுத்துப் பாருங்கள். மூலத்தைத்தான் வைப்போம் என்றால் வேறு கடை பாருங்கள். மெசினை எடுக்கும்போதே அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து, வயரையும் உடம்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முற்பணத்துக்கு ஒரு துண்டாவது எழுதி வாங்குங்கள்.

போல்ட் வாங்கும் பில்லில் அளவும் வகையும் எழுதச் சொல்லுங்கள். "போல்ட் 10" என்று மட்டும் எழுதினால் பிறகு மாற்றப் போகும்போது பேச்சுக்கு இடமில்லை. தேவைக்கு மேல் இரண்டு போல்ட் கூடுதலாக வாங்கி, பாவிக்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எங்கே, எத்தனை துளை, போகும்போது போல்ட்டை விட்டுப்போவதா என்று மூன்று வரி போதும். முற்பணம் திரும்பக் கிடைப்பது இந்த மூன்று வரியில் இருக்கிறது. வீதிப் பக்கம் நீட்டும் சார்ப்பு என்றால் உங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் விசாரித்த பிறகு தொடங்குங்கள். வீட்டு வரைபடமோ, பூச்சுக்கு முன் எடுத்த படமோ இருந்தால் தேடி எடுங்கள். வயரும் பைப்பும் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

ஆள் பிடித்துச் செய்தால் நாட்கூலியா, துளைக்கு இவ்வளவா என்று முதலே பேசுங்கள். துளைக்கு இவ்வளவு என்றால் அவசரம் வரும். போல்ட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. எப்போது செய்வது

ஒக்டோபர் கடைசியில் மழை இறங்கிவிட்டால் வெளிச்சுவர் வேலை இழுபடும். ஆகஸ்ட், செப்ரெம்பர் நல்ல காலம். கச்சான் அடிக்கும் நாட்களில் ஏணியில் ஏறிச் சார்ப்பைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். காலையில் காற்று எழும்புவதற்கு முன் முடியுங்கள். சாமான் வாங்க வெள்ளிக்கிழமை மத்தியானம் டவுனுக்குப் போனால் ஜும்மாவுக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும். மெசினை நாள் வாடகைக்கு எடுக்கும் முன் அன்று மின்வெட்டு அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

7. துளை போடுவது

கொங்கிரீட்டில் சாதாரண டிரில்லோடு மல்லுக்கட்டாதீர்கள். 10 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹாமர் எடுங்கள், அது சுற்றிக்கொண்டே அடித்துத் துளைக்கும் மெசின். அதன் பிட்டின் அடியில் காடிகள் இருக்கும். சாதாரண மெசினுக்கு அது பொருந்தாது. மெசினும் பிட்டும் ஒரே இடத்தில் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை. பிட் புதிதாக இருக்கட்டும். தேய்ந்த பிட் சிறிய துளை போடும், போல்ட் பாதியில் சிக்கி நிற்கும்.

இடம் குறிக்கும்போது ஓரத்திலிருந்து தள்ளி வாருங்கள். போல்ட்டின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு ஓரத்துக்கும், பத்து மடங்கு இரண்டு போல்ட்டுக்கு இடையிலும் என்பது பொதுவான அளவு. எம்10 என்றால் 5 சென்றிமீற்றரும் 10 சென்றிமீற்றரும். தூணின் ஓரத்தில் நான் 8 சென்றிமீற்றருக்குக் குறைய விடமாட்டேன், ஏனென்றால் விரியும் போல்ட் மூலையைப் பிளந்துவிடும். சுவிட்ச், பிளக் பொயின்ட் இவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் ஓடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மெயின் பெட்டியில் அந்த இணைப்பை நிறுத்திவிட்டு, மெசினுக்கு வேறு பக்கத்திலிருந்து கரண்ட் எடுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 முகக்கவசம். கைக்குட்டை கட்டினால் போதாது. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் போய்த் தங்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்தி வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

தேவையான ஆழத்தைவிட ஒரு சென்றிமீற்றர் கூடுதலாக அளந்து, பிட்டில் நாடா ஒட்டிக் குறி வையுங்கள். மெசினைச் சுவருக்கு நேராகப் பிடித்து முதலில் மெதுவாக, பிட் உட்கார்ந்த பிறகு வேகமாக. அமுக்கத் தேவையில்லை, ஹாமர் தானாக இறங்கும். இடையில் இரண்டு மூன்று முறை வெளியே இழுத்துத் தூளை வரவிடுங்கள்.

இறங்கிக்கொண்டிருந்த பிட் ஒரே இடத்தில் நின்று, சத்தம் மாறி, இரும்புத் துகள் மினுங்கினால் கம்பியில் பட்டுவிட்டது. அதை வெட்டிக்கொண்டு போகாதீர்கள். கடற்கரை வீட்டில் காயப்பட்ட கம்பிக்கு உப்புப் போக வழி திறந்துவிட்டதாகிவிடும். இடத்தை மாற்றுங்கள். கைவிட்ட துளையைச் சுருங்காத சீமெந்துக் கலவையால் அடைத்துவிடுங்கள். அடைக்காமல் விட்டால், அந்தத் துளையின் ஆழத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளித்தான் புதிய துளை.

8. தூள் எடுப்பது

அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். எங்கள் சார்ப்பின் பழைய துளைகளில் ஒன்றைக் கிளறியபோது அடியில் கட்டியாக இறுகிப்போன தூள் அப்படியே இருந்தது. துளைக்குள் தூள் இருந்தால் போல்ட் முழு ஆழத்துக்குப் போகாது, விரியும் கிளிப்பும் தூளில்தான் உரசும். பசை என்றால் இன்னும் மோசம். அது கொங்கிரீட்டை விட்டுவிட்டுத் தூளில் ஒட்டும், முழுதாக உருவிக்கொண்டு வரும்.

ஊதுங்கள், பிரஷ் போடுங்கள், திரும்ப ஊதுங்கள். கடையில் இதற்கென்று கைப்பம்பும் வட்டக் கம்பி பிரஷும் உண்டு. சைக்கிள் பம்பில் மெல்லிய குழாய் பொருத்தி அடிவரை விட்டு ஊதினாலும் சரி. வாயால் ஊதாதீர்கள், அவ்வளவும் கண்ணுக்குள் வரும். வெட்ஜுக்கும் ஸ்லீவுக்கும் ஒரு சுற்றுப் போதும். பசைக்கு இரண்டு மூன்று சுற்று, தூள் வருவது நிற்கும் வரை.

9. அடித்து இறுக்குவது

நட்டை போல்ட்டின் முனை வரை திருகிவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் மரை நசுங்கி நட் ஏறாது. பிராக்கெட்டை வைத்து, வொஷர் போட்டு, கையால் இறுகும் வரை திருகுங்கள். பிறகு ஸ்பானரால் ஸ்லீவ் அங்கருக்கு இரண்டு மூன்று முழுச் சுற்று, வெட்ஜ் அங்கருக்கு மூன்றிலிருந்து ஐந்து சுற்று. டோர்க் ஸ்பானர் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டுவது) கிடைத்தால் பெட்டியில் உள்ள அளவு. அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். எத்தனை சுற்றியும் இறுகாமல் போல்ட் கூடவே சுற்றினால் அந்தத் துளை சரியில்லை. தீக்குச்சி, கடதாசி என்று எதையும் செருகிச் சமாளிக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் நட் இறுக்கும்போது பாதியில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பானரை மெதுவாகச் சுற்றினால் அது நடக்காது. அலுமினியப் பிராக்கெட் என்றால் நடுவில் நைலோன் வொஷர் போடுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்.

10. கெமிக்கல் அங்கர் என்றால்

குழாயின் காலாவதித் திகதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றை 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்த குழாயைத் திகதி இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். நுனி பொருத்தியபின் முதலில் வரும் பசையை, நிறம் ஒரே சீராகும் வரை, ஒரு தகரத்தில் தள்ளி வீசிவிடுங்கள். துளையின் அடியிலிருந்து பின்வாங்கிக்கொண்டே மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, போல்ட்டாக நிற்கப்போகும் மரைக் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். கொஞ்சம் பசை வெளியே பிதுங்கினால் சரியாக நிரம்பியிருக்கிறது.

நம்முடைய வெக்கையில் பசை சில நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். எல்லாத் துளையையும் முதலே போட்டுத் துப்புரவாக்கி வைத்துக்கொண்டு குழாயைத் திறவுங்கள். கம்பியை இறக்கியபின் தொடவே கூடாது. எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று வெப்பநிலை வாரியாகக் குழாயிலேயே அட்டவணை இருக்கும். சுவர் ஈரமாக இருந்தால் அந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். நான் மாலையில் பொருத்தி, அடுத்த நாள்தான் பாரம் ஏற்றுவேன்.

11. முடித்த பிறகு

பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சுவரில் சிலிக்கனால் அடையுங்கள். மேலும் பக்கமும் அடைத்து, கீழே திறந்து விடுங்கள், உள்ளே போன தண்ணீர் வடிய வேண்டும். பாரம் ஏற்றுவதற்கு முன் பிராக்கெட்டைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். தகடு சுவரைவிட்டு ஒரு மயிரிழை எழும்பினாலும் அந்த போல்ட் ஆகாது.

வருடா வருடம் செப்ரெம்பரில் ஒரு ஸ்பானரோடு எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்கள். உப்புப் படிந்திருந்தால் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சுவரில் பழுப்பு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது. அந்த போல்ட்டை இழுத்துக் கழற்றப் பார்த்தால் கொங்கிரீட்டும் சேர்ந்து பெயர்ந்துவிடும். கிரைண்டரால் சுவர் மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெட்டி, துருத் தடுக்கும் பெயின்ட் பூசி, கலவையால் மூடிவிட்டு, தள்ளிப் புதிய துளை போடுங்கள்.